லொத்தாவில் விட்டு வந்தவர்

அந்த ஊரை நான் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு ஓட்டைக்குள்ளால்தான் பார்த்தேன்.

சன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் பனி படிந்து இறுகியிருக்கும். வாயை அருகில் கொண்டுபோய் ஊதி, விரலால் தேய்த்தால் ஒரு சின்ன வட்டம் துலங்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணை அதில் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வட்டம் மூடிவிடும். திரும்பவும் ஊத வேண்டும்.

முதலில் தெரிவது குளம். கல்லாக உறைந்த குளம். அதன் நடுவே ஒற்றை மரம் நிற்கிற சின்னத் திட்டு. குளத்தைச் சுற்றிக் கூரை சரிந்த வீடுகள். அக்கரையில் மணி தொங்கும் ஒரு குட்டித் தேவாலயம். பத்துப் பேர் உள்ளே போனால் பதினோராவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் காடு மூடிய இரட்டை மலை. இடப்பக்கம் பள்ளத்தாக்கைக் கடக்கிற கல்லுப் பாலம். அதன் மேலே பகலில் நாலு தடவை இரண்டு பெட்டி ரயில் ஒன்று போகும். ரயில் போகும்போது எங்கள் மேசையில் இருக்கிற கோப்பை மெல்ல நடுங்கும்.

ஊர் எல்லையில் ஒரு பெயர்ப் பலகை நின்றது. அதில் ஒரு பாதியைப் பனி மூடியிருந்தது. தெரிந்த பாதியில் லொத்தா என்று இருந்தது.

எங்களோடு இருந்த பொடியன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் எங்களை லொத்தர்ச் சீட்டு விழுகிற ஊருக்குத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்றான். எல்லோரும் சத்தம் வராமல் சிரித்தோம். சத்தம் வரக்கூடாது என்பது அந்த வீட்டின் முதல் சட்டம்.

பெயர் இல்லாத ஐந்து பேர்

இலங்கையிலிருந்து அகதிகளாக வெளிக்கிட்ட நாங்கள் பதினொரு பேர் மொஸ்கோவில் ஒரே அறையில் படுத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தப் பதினொரு பேரில் ஐந்து பேரைப் பிரித்து, உக்ரேன் பக்கத்தால் லொறியில் ஏற்றி, செக் நாட்டின் மேற்கு மூலையில் இறக்கினார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. பனி கொஞ்சம் இளகினால் நடக்க வேண்டியதுதான் என்றார்கள். பனி பத்தொன்பது நாள் இளகவில்லை.

நான், மூன்று பொடியள், அண்ணை.

அண்ணையின் பெயர் எனக்குத் தெரியாது. என்னுடைய பெயரும் அவருக்குத் தெரியாது. பிடிபட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பதற்காக, உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் கட்டளை போட்டிருந்தான். கடவுச்சீட்டில் அவர் ஒரு மலேசியக்காரர். நான் அந்த நாட்டு மாணவி.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். மொஸ்கோவில் ஏஜென்சிக்காரனின் கூட்டாளி ஒருவன் வந்து எங்களை வரிசையாக நிற்க வைத்து, என்னைக் காட்டி, இந்தப் பெட்டை யாரோடு வந்தது என்று கேட்டான். எனக்கு இருபத்துமூன்று வயது. யாரோடும் வரவில்லை. பாரிஸில் இருக்கிற ஒருவரைக் கலியாணம் கட்டுவதற்காகத் தனியே வந்துகொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் பின்னாலிருந்து ஒரு குரல், "என்ரை தங்கச்சி" என்றது.

அதன் பிறகு அவர் எனக்கு அண்ணை. பொடியளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். படுக்கிற இடங்களிலெல்லாம் சுவர்ப் பக்கத்தை எனக்குத் தந்து, எனக்கும் மற்றவர்களுக்கும் இடையில் தான் படுப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதிகம் கதைக்கவும் மாட்டார். வாணலி இல்லாமல் அடுப்புத் தகட்டின் மேலேயே ரொட்டி சுடுவார். வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, சின்னது என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான். நான் ஓட்டையில் கண் வைத்து ஊரைப் பார்க்கும்போது, இன்றைக்கு என்ன புதினம் என்று கேட்பார். நான் சொல்வேன். சிவப்புத் தலைத்துணி கட்டின பெண் வாளியோடு குளத்தடிக்கு வந்தாள், பனியைக் குத்தித் தண்ணீர் எடுத்தாள், எங்கள் வீட்டைப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் எங்களைக் கண்டுவிட்டாளோ என்று நான் பயப்பட, இல்லை, பனியைத்தான் பார்த்திருப்பாள் என்பார்.

இரண்டு தடவை வாசல் படியில் ஒரு கடகம் உருளைக்கிழங்கு இருந்தது. ஏஜென்சிக்காரனின் ஆள் வைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டோம்.

அந்த விடியற்காலை

பதினேழாம் நாள் அண்ணைக்குக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பதாம் நாள் அவர் மூச்சு விடுவது பக்கத்து அறைக்குக் கேட்டது.

அன்றைக்கு வெளிச்சம் வருவதற்கு முன் ஆள் வந்தான். உடனே புறப்பட வேண்டும், ஆறு மணித்தியால நடை, நடக்க ஏலாதவர் நிற்க வேண்டியதுதான் என்றான். அண்ணை சுவரைப் பிடித்து எழும்பினார். இரண்டு அடி வைத்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார்.

"நீ போ பிள்ளை," என்றார். "நான் வந்தால் உங்களையும் பிடிபட வைச்சிடுவன்."

"உங்களை விட்டிட்டு எப்பிடி அண்ணை போறது?"

"அடுத்த முறை வரேக்கை என்னைக் கூட்டிக்கொண்டு போவாங்கள். சொல்லிப்போட்டான்."

அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் சொன்னதையெல்லாம் நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அண்ணை சொன்னதை நம்பியவள்போல் தலையாட்டினேன். என் கம்பளியை அவர் மேல் போட்டேன். இருந்த விறகையெல்லாம் அடுப்புக்குள் வைத்தேன். ஒரு போத்தல் தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். பிறகு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போனேன்.

இதை நான் பல வருடங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

லா சப்பல்

பாரிஸுக்கு வந்து இறங்கியதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு ஐந்தாம் மாடி அறைக்கு. எங்கள் சனம் கூடுகிற அந்த லா சப்பல் பகுதியில் மெத்ரோ நிலத்துக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும். முதல் நாள் அது தலைக்கு மேலால் போனபோது நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கலியாணம் கட்டப் போகிறவர், பயப்படாதையும், அது ரயில்தான் என்றார். எனக்கு ரயிலுக்குப் பயமில்லை. கோப்பை நடுங்கிய மேசை நினைவுக்கு வந்துவிட்டது.

அகதி விண்ணப்பத்தில் எந்த வழியால் வந்தேன் என்று உண்மையை எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் எல்லோரும் சொல்லித் தந்தார்கள். எழுதாததைப் பிறகு எப்படிச் சொல்வது? ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால், எங்கே, யாரோடு, எவனுடைய உதவியோடு என்று கேள்வி வரும். வதிவிட உரிமைக் கார்த் கையில் கிடைக்கட்டும், பிறகு தேடுவோம் என்று நினைத்தேன். கிடைத்தது. பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு வேலை. ஒரு பள்ளிக்கூடக் கன்தீனில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன்.

என் கணவருக்கு மட்டும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆள் எப்படியும் வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், கனடாவில் இருப்பார், மனதைப் போட்டு உழப்பாதே என்றார். நானும் மனதுக்குள் அண்ணையைக் கனடாவில் குடியிருத்தினேன். எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கப் போகும்போது மட்டும், அவர் வயதில் மெலிந்த ஆள் யாராவது பின்பக்கம் காட்டி நின்றால், முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

நூறு லொத்தா

என் மகள் சங்கவி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ எந்தப் பாதையால் இந்த நாட்டுக்கு வந்தாய் என்று கேட்டாள். ஏதோ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று தெரியவில்லை, அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவுமில்லை, என்னைக் குறை சொல்லவுமில்லை. கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

செக் நாட்டில் லொத்தா என்கிற பெயரில் நூற்றுக்கணக்கில் ஊர்கள் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீளமான லொத்தா, புது லொத்தா, மலையடி லொத்தா, யாரோ ஒரு பிரபுவின் லொத்தா. அவற்றைப் பிரித்துக் காட்டுகிற இரண்டாவது சொல்லைத்தான் அந்தப் பலகையில் பனி மூடியிருந்தது.

சங்கவி விடவில்லை. ஜெர்மன் எல்லையிலிருந்து ஆறு மணித்தியால நடை என்று ஒரு கோடு கீறினாள். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட லொத்தாக்களை ஒவ்வொன்றாக வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தோம். குளம் எங்கே என்று கேட்பாள். ஊர் நடுவில். பாலம்? இடப்பக்கம். நீ எந்தத் திசையைப் பார்த்து இருந்தாய்? சூரியன் எனக்குப் பின்னால் எழும்பியது, அப்படியென்றால் மேற்கு. அந்த ஓட்டைக்குள்ளால் பத்தொன்பது நாள் பார்த்த ஊர் எனக்குள் இவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு குளம் வந்தது. நடுவில் திட்டு. திட்டில் ஒரு மரம்.

சங்கவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். 

அந்த ஊருக்கு ஒரு நகராட்சி இருந்தது. நூறு வீடுகூட இல்லாத ஊருக்கு நகராட்சி, அதற்கொரு தலைவி, அதற்கொரு இணையப் பக்கம். பக்கத்தில் ஊரின் உயரம், ஓடையின் பெயர், எந்தக் காலத்துப் பத்திரத்தில் முதலில் குறிக்கப்பட்டது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. இத்தனை வருடத்துக்கு முன் குளத்தைப் பார்த்த ஒரு வீட்டில் நோயாளியாக ஒரு மனிதரை விட்டு வந்தோம், அவருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று சங்கவி பிரெஞ்சில் எழுதினாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. நல்ல பிரெஞ்சு. தெரியும், நேரில் வாருங்கள், யாராவது கேட்பார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எழுதியிருந்தது. வேறெதுவும் இல்லை. அவர் உயிரோடு இல்லை என்பது அந்தப் பதில் சுருக்கமாக இருந்ததிலேயே விளங்கிவிட்டது.

தவணை என்றொரு ஊர்

சங்கவிதான் கார் ஓட்டினாள். ஜெர்மனியைத் தாண்டும்போது ஒரு காடு வந்தது. எல்லை எங்கே என்று கேட்டேன். இப்போதுதான் கடந்தோம் என்றாள். ஒரு நீலப் பலகை மட்டும் நின்றதாம், நான் கவனிக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விழுந்து எழும்பி நடந்த அதே காடு. காரில் கால் மணித்தியாலம்.

நகராட்சித் தலைவி நாற்பது வயதுக்காரி. இளம் வயதில் பெல்ஜியத்தில் வேலை செய்தவள், அதுதான் அந்தப் பிரெஞ்சு. உடனே விஷயத்துக்கு வராமல் முதலில் எங்களை ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு மூச்சு எடுக்க நேரம் தருகிறாள் என்று நினைக்கிறேன்.

லொத்தா என்றால் தவணை என்றாள். பழைய காலத்தில் காட்டை வெட்டி ஊர் அமைக்க வந்தவர்களுக்கு, இத்தனை வருடத்துக்கு வரி இல்லை என்று பிரபு ஒரு தவணை கொடுப்பான். தவணை முடிவதற்குள் நிலத்தைத் திருத்தி ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்படி அமைந்த ஊர்களெல்லாம் லொத்தா. எனக்கு அதை இரண்டாம் தரம் விளக்கத் தேவையிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி தருகிற பிரெஃபெக்தூர் வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று தவணை வாங்கியவள் நான்.

வீட்டு இலக்கங்கள் எனக்குத் தலை சுற்ற வைத்தன. மூன்றாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று, அதற்குப் பக்கத்தில் பதினேழு. தெரு வரிசைப்படி இல்லாமல், கட்டிய வரிசைப்படி இலக்கம் போட்டிருக்கிறார்களாம். நாங்கள் இருந்த வீடு பதினேழு. இப்போது அதற்கு மஞ்சள் நிறம் அடித்து, சன்னலில் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு காலத்தில் பாதிப் பேர் செக் மொழி பேசினார்கள், பாதிப் பேர் ஜெர்மன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் பேசியவர்களை ஆளுக்கு ஒரு மூட்டையோடு அனுப்பிவிட்டார்கள். பதினேழாம் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். அவர்கள் போனபோது அடுப்பில் சூடு ஆறவில்லையாம். பிறகு வேறு மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். பிறகு எல்லையில் முட்கம்பி வந்தது, பிறகு அதுவும் போனது. வீடுகள் கைமாறின. பதினேழாம் வீடு மட்டும் நிரந்தரமாக யாருக்கும் ஒட்டவில்லை. தலைவி இதையெல்லாம் யார் மேலும் கோபமில்லாமல், மழை பெய்த விபரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஊர்ப் புத்தகம்

அந்த நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புத்தகம் உண்டு. அந்த வருடம் என்ன விளைந்தது, யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், குளத்தில் எவ்வளவு மீன் பிடித்தார்கள் என்று ஊரால் நியமிக்கப்பட்ட ஒருவர் எழுதி வைக்க வேண்டும். அது சட்டம். லொத்தாவில் அதை எழுதுகிறவர் யர்மிலா.

நகராட்சி அறைக்குள் யர்மிலா எங்களுக்காகக் காத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வாளி கொண்டு வந்த பெண்.

அவர் செக் மொழியில் சொல்ல, தலைவி பிரெஞ்சில் சொன்னாள். எங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். பத்தொன்பது நாளும் தெரியுமாம். உருளைக்கிழங்கு வைத்தது யர்மிலாதான். பொலிஸுக்குச் சொல்வதா விடுவதா என்று ஊரில் ஒரு முடிவுக்கு வராமலே இருந்திருக்கிறார்கள். பதினேழாம் வீட்டுப் புகைக்கூண்டில் புகை வருகிறதா என்று யர்மிலா தினமும் பார்ப்பாராம். ஒரு நாள் புகை வரவில்லை. உள்ளே போனார்.

அண்ணையைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாதை திரும்பவும் பனியில் மூடிக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் ஏற முடியவில்லை. பக்கத்து ஊர் வைத்தியரை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில், யர்மிலா கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தபோது இறந்துவிட்டார்.

கடவுச்சீட்டில் இருந்த பெயரை விசாரித்தால், அந்த மலேசியக்காரர் தன் நாட்டில் சுகமாக இருக்கிறார் என்று பதில் வந்ததாம். உரிமை கேட்டு யாரும் வரவில்லை. ஊர் கூடி, எங்கள் இடுகாட்டிலேயே அடக்கம் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். அவர் நெற்றியில் பூசியிருந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, சிலுவை வேண்டாம் என்றார் யர்மிலா. ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தார்கள். அதில் எதையும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதைக் காட்டத்தான் யர்மிலா அந்தப் புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணை அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப மூன்று சொற்களைச் சொல்லியிருக்கிறார். யர்மிலா காதில் விழுந்தபடி தன் மொழி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். எது ஆளின் பெயர், எது ஊர், எது அவருடைய கடவுள் என்று தெரியவில்லை. பிழையான பெயரைக் கல்லில் வெட்டுவதைவிட வெறுமையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். கொக்கி போட்ட எழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்று யர்மிலா பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார்.

சிவபாதம். அளவெட்டி. பூந்தி.

முதலாவது பெயர், இரண்டாவது யாழ்ப்பாணத்தில் ஒரு ஊர் என்றேன். மூன்றாவது ஒரு இனிப்பு என்றேன். காய்ச்சலில் வாய் கசந்து இனிப்புக் கேட்டிருக்கிறார் என்று சொன்னதும், யர்மிலா கையை வாயில் வைத்துக்கொண்டார். தான் வீட்டில் இனிப்பு வைத்திருந்ததாகவும், கேட்கிறார் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார்.

பிறகு கல்லைப் போய்ப் பார்த்தேன். சுற்றிவர இருந்த ஜெர்மன் கல்லறைகளில் பாசி படர்ந்திருந்தது. அண்ணையின் கல்லில் பாசி இல்லை. யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். நான் கொண்டுபோன திருநீற்றை அதில் பூசினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாரிஸிலிருந்து யோசித்து வந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. அண்ணை என்று மட்டும் கூப்பிட்டேன்.

ஸ்தேன்

பெயரும் ஊரும் கையில் இருந்தால் லா சப்பலில் ஒரு ஆளைத் தேடுவது பெரிய காரியமில்லை. ரூ காயில் நான் வழக்கமாக அரிசி வாங்கும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அளவெட்டிக்காரர் ஒருவருக்கு ரெலிபோன் எடுத்தார். இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. சிவபாதத்தின் மனைவி ஊரில் இறந்து இரண்டு வருடம். ஒரே மகள் தர்சினி கலியாணம் கட்டி பாரிஸின் புறநகரான ஸ்தேனில் இருக்கிறாள்.

ஸ்தேன். லா சப்பலிலிருந்து ரயிலும் பஸ்சும் மாறி அரை மணித்தியாலப் பயணம். பதினாறு வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறாள். என் கடைக்காரரிடமே அவளும் சாமான் வாங்குகிறவள்.

நாலாம் மாடியில் அவளுடைய வீடு. நாற்பதை எட்டாத பெண். முன்பின் தெரியாத என்னை இருக்க வைத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கச்சி என்று சொன்னதையும், சுவர்ப் பக்கத்தையும், அடுத்த முறை கூட்டிப் போவார்கள் என்று அவர் பொய் சொன்னதையும், அது பொய் என்று தெரிந்துகொண்டே நான் போனதையும் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "இவ்வளவு காலமும் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"இஞ்சைதான் பிள்ளை. லா சப்பலிலை."

"அம்மா போன வருசத்துக்கு முதல் வருசம்தான் செத்தவா. கடைசி மட்டும் வாசல் கதவைப் பூட்ட விடேல்லை."

ஐந்து வருடம் முன்பு நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மனுசி கதவைப் பூட்டிவிட்டுப் படுத்திருப்பா. இதை எழுதும்போது வாசகர்கள் என்னை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. நடந்தது இதுதான்.

எழும்புவதற்கு முன், கடைசியாக அவர் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டாள். யர்மிலாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று சொற்களையும் சொன்னேன். தகப்பனுடைய பெயருக்கும் ஊருக்கும் அவள் அசையவில்லை.

"பூந்தி வேணுமெண்டு கேட்டிருக்கிறார் பிள்ளை," என்றேன். "அவைக்கு விளங்கேல்லை."

தர்சினி கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது சாப்பாடு இல்லை அக்கா. அது நான்."

சின்ன வயதில் ஒரு கோயில் திருவிழாவில் கடதாசிச் சரை நிறையப் பூந்தியைத் தனியாகத் தின்று தீர்த்தாளாம். அன்றிலிருந்து தகப்பன் மட்டும் அவளை அப்படிக் கூப்பிடுவாராம். தாய்கூடக் கூப்பிட்டதில்லை. அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் யாரும் இருக்கவில்லை.

என்னை வாசல் வரை வந்து அனுப்பவில்லை. நான் தனியே படியிறங்கினேன்.

குளம் வற்றுகிற நாள்

ஏழு மாதம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு ஒரு நாள் கன்தீனில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் வந்தது. வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை. எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் போனோம். லொத்தாவில் அது குளத்தை வற்றவிட்டு மீன் பிடிக்கிற நேரம். முழங்காலுக்கு மேல் சப்பாத்துப் போட்ட ஆண்கள் சேற்றில் நின்று வலை இழுத்தார்கள். பெரிய பெரிய மீன்கள் தொட்டிகளில் வாலடித்தன. சேற்று மணம் ஊர் முழுவதும் பரந்திருந்தது. எனக்கு எங்கள் பக்கத்துக் குளங்கள் கோடையில் வற்றும்போது வருகிற மணம் அப்படியே மூக்கில் அடித்தது. தர்சினியும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

கல்லில் இப்போது பெயர் வெட்டப்பட்டிருந்தது. சங்கவி எழுதி அனுப்பிய தமிழ் எழுத்தைப் பார்த்து, பக்கத்து நகரத்துக் கல் வேலைக்காரர் வெட்டியிருந்தார். சி-யின் சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார். தர்சினி அதை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். தேங்காய் உடைத்தோம், கற்பூரம் கொளுத்தினோம். ஊர்ச் சனம் சேற்றுச் சப்பாத்தோடு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, இடுகாட்டு மதிலோடு நின்றார்கள்.

பிறகு யர்மிலா வீட்டுச் சமையலறையில் எல்லோரும் இருந்தோம். மீன் பொரிக்கிற எண்ணெய் சத்தம் போட்டது. அண்ணையைப் படுக்க வைத்திருந்த மூலையை யர்மிலா காட்டினார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர். சூடான இடம். தர்சினி அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்.

பிறகு தலைவியிடம் திரும்பி, பிரெஞ்சில் ஒன்று கேட்டாள். அவர் அந்த மூன்றாவது சொல்லை எப்படிச் சொன்னார் என்று யர்மிலாவுக்கு நினைவிருக்கிறதா?

தலைவி கேட்டுச் சொன்னாள். யர்மிலா கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத அந்தப் பெண், முதல் அசையை மேலே எடுத்து, கடைசி அசையை நீட்டி, மெல்ல இறக்கினார்.

"பூந்தீ..."

யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன், விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரல்.

தர்சினியின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"என்னப்பா?"